இரண்டாம் முறை கேட்காத நாடு

ஜேர்மனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் சமையல்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மேசையில் பெரிய ஆப்பிள் கேக் இருந்தது. எனக்கு நல்ல பசி. "கேக் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டாள். ஊரில் சொல்லிப் பழகிய வாயல்லவா, "நைன், டாங்க" என்றேன். வேண்டாம், நன்றி. அவள் "குட்" என்று சொல்லி, என் முன்னால் இருந்த தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். பிறகு அவளும் புருஷனும் என் கண்ணுக்கு முன்னாலேயே ஆளுக்கொரு துண்டை ரசித்துச் சாப்பிட்டார்கள். நான் யன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' என்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள்ளே போகிறோம். பட்டினியோடு போனாலும் "இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அதை நம்பக்கூடாது. இங்கே நம்பிவிடுகிறார்கள்.

இந்தக் கேக் கதை மாதிரிப் புலம்பெயர்ந்த தமிழர்கள் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஒருவருக்குக் கோப்பி, இன்னொருவருக்கு இறைச்சிப் பொரியல். கலியாண வீடுகளில் கூடும்போது மாறி மாறிச் சொல்லிச் சிரிப்போம். நானும் நன்றாக நடித்துக் காட்டி வந்தவன்தான். ஒன்றரை வருடமாக அதைச் சொல்வதில்லை. ஹூஷங் அண்ணைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஹூஷங் அண்ணை ஈரான்காரர். மேடை நடிகர், பிறகு சினிமா நடிகர். எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பேர்லினிலிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயில் ஏறியவர்கள் நாங்கள் மட்டும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். அதே ரயிலில் ஈரானியர், லெபனானியர் என்று எத்தனையோ பேர் அதே பயத்தோடு நின்றார்கள். பிறகு எங்களைப் பிரித்து அனுப்பிய ஊரில், அகதி விடுதியில், என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில் அவருடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் 'அண்ணை' என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து நான் மறந்துபோய் வெறும் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார். என்னை அவர் 'சிவா ஜான்' என்பார். ஜான் என்றால் உயிர். அவர்கள் மொழியில் நெருங்கியவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிற சொல். நாங்கள் இருவரும் பேசுவது ஜேர்மன். ஆனாலும் அவர் பேச்சை இங்கே என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். மனுஷன் வாழ்நாள் முழுவதும் ஏங்கியது வசனத்துக்குத்தான். என் கட்டுரையிலாவது அவருக்கு நாலு நல்ல வசனம் கிடைக்கட்டும்.

அவர் பிறந்தது பாலைவன ஓரத்து ஒரு சின்ன ஊர். அங்கே ஒவ்வொரு முஹர்ரம் மாதத்திலும் கர்பலாவில் நபியின் பேரனும் அவருடைய ஆட்களும் கொல்லப்பட்டதை வெளியில் வைத்து நடிப்பார்களாம். ஊரே சுற்றி நின்று அழும். ஹூஷங் அண்ணை முதலில் தாகத்தால் துடிக்கும் பிள்ளையாக நடித்தார். குரல் உடைந்த பிறகு கொலைகாரர் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொலைகாரனாக நடிப்பவரும் வாளை ஓங்கும்போது அழுவார். தான் செய்யும் பாவத்துக்காக, நடிக்கிற நேரத்திலேயே அழுவார். பார்ப்பவர்களுக்கு அது குழப்பமே இல்லை. பிறகு தெஹ்ரானுக்குப் போய், நாடக அரங்குகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் தேநீர் எடுத்துக்கொடுத்து, திரை இழுத்து, கடைசியில் மேடை ஏறினார். சினிமாவும் வந்தது. ஒரு படத்தில் கதாநாயகனின் நண்பன், இன்னொன்றில் கதாநாயகனே. சுவரொட்டியில் தன் முகம் மூக்கு நீளமாய் வரைந்திருந்ததைப் பற்றி இன்றும் குறை சொல்வார். ஆட்சி மாறியது. அவர் நடித்துக்கொண்டிருந்த நாடகத்தை இடைவேளையில் நிறுத்தினார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், விட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம் கூப்பிடுவதற்குள் மலை தாண்டித் துருக்கிக்குப் போய்விட்டார். நாடகத்தின் பிற்பாதி வசனம் முழுக்கத் தொண்டைக்குள் கிடக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

விடுதியில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுவதும் கட்டிலும் சுவரும்தான். ஒரு மழை நாளில் ஹூஷங் அண்ணை பொதுச் சமையலறையில் எழுந்து நின்று, வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரி முத்திரை குத்துவதை நடித்துக் காட்டினார். வாயே திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிறார், முத்திரையை ஊதுகிறார், குத்தப்போகிறார், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தி ஒரு பாண் துண்டை எடுத்துச் சாப்பிடுகிறார். லெபனான் பெண்கள், எங்கள் பெடியங்கள், யாரையும் பார்த்துச் சிரிக்காத ஒரு கானாக்காரர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முடிந்ததும் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். அந்த வணக்கம் அவருடைய நாட்டு மேடை வணக்கம். மண்டபம் நிறைந்த ஆட்டம் அவருக்கு ஜேர்மனியில் அதுதான் முதல். கடைசியும் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அனுமதி கிடைத்த பிறகு நான் சமையலறைகளுக்குள் போனேன், அவர் டாக்ஸி ஓட்டினார். இடையிடையே தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். மரக்கறிக் கடைக்காரர், போதைப்பொருள் விற்பவர், மகளை அடிக்கிற தகப்பன், குண்டு வைப்பவர். எல்லாவற்றிலும் இரண்டு மூன்று சொல். ஒரு தொடரில் பணயக் கைதியின் தலையில் துப்பாக்கி வைக்கும் காட்சி. ஹூஷங் அண்ணை துப்பாக்கியை நீட்டினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. இயக்குநர் நிறுத்தச் சொல்லிவிட்டு, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாராம். "எங்கட ஊரில கெட்டவனா நடிக்கிறவன் அழுவான்" என்று இவர் விளக்கியிருக்கிறார். இயக்குநர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். இவருக்குக் கிடைத்தது அதே தொடரில் ஒரு பிணம். "பிணத்துக்கு உச்சரிப்புத் தேவையில்லை, சிவா ஜான். நான் நல்லாச் செய்தன்" என்றார். சாந்தி, என் மனைவி, அந்தப் பகுதியைப் பார்க்கமாட்டேன் என்று எழும்பிப் போய்விட்டாள்.

உச்சரிப்பு என்றால் அவருக்கு வெறி. பென்சிலைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஜேர்மன் வாசிப்பார். டாக்ஸியில் ஏறும் கிழவிகளிடம் சொற்களைச் சொல்லிக்காட்டித் திருத்தித் தரச் சொல்வார். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படித் தேய்த்துத் தேய்த்து, தொலைபேசியில் பேசினால் ஜேர்மன்காரர் என்றே நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். எனக்கு இன்றும் அது வராது. எல்லாம் ஒரேயொரு ஆசைக்காக. ஒரு ஜேர்மன் மேடையில் தனியாக நின்று ஒரு முழுப் பக்க வசனம் பேச வேண்டும். "ஒரு பக்கம் போதும். அதுக்குப் பிறகு என்னை எங்க வேணுமெண்டாலும் புதையுங்கோ" என்பார். அவருக்கு மனைவி பிள்ளை இல்லை. வேறு எதையும் இந்த நாட்டிடம் அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். சாந்தி "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பாள். தேத்தண்ணி என்ற சொல் அவருக்கு நன்றாக விளங்கும். கையை நெஞ்சில் வைத்து, தலையை ஆட்டி, வேண்டாம் என்பார். அவள் மறுபடி கேட்பாள். ஐயோ, உங்களுக்கு எதற்குக் கரைச்சல் என்பதுபோல் ஒரு முகம். அவள் பொய்க்கோபத்தோடு மூன்றாம் தரம் கேட்டதும், உங்களுக்காக மட்டும் என்று கோப்பையை வாங்குவார். ஈரானில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம், தாரோஃப். நம்மிடம் பெயர் இல்லாமலே இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் இதைப் பார்த்துப் பொறுக்காமல், "அப்பா, வேணுமெண்டா வேணுமெண்டு ஒருக்காச் சொன்னா முடிஞ்சுதுதானே?" என்று கேட்பாள். சாந்தியோ அந்த விளையாட்டுக்காகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்ப்பாள்.

நான் இப்போது வேலை செய்வது எங்கள் நகரத்து நாடக அரங்கின் கன்ரீனில். நகரத்தின் பெயர் வேண்டாம். ஒத்திகை முடிந்து நடிகர்கள் வந்து சூப் குடிக்கும் இடம். ஹூஷங் அண்ணை ஓய்வு பெற்ற பிறகு பிற்பகல்களில் வந்து மூலை மேசையில் உட்கார்ந்திருப்பார். நடிகர்களின் பேச்சைக் கேட்பதுதான் வேலை. தானும் நடிகன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நான்தான் போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில், யூலியா என்ற இளம் இயக்குநரிடம் சொன்னேன். அவர் புது நாடகம் ஒன்று செய்யப்போகிறார். ஈரானிலிருந்து வந்து இந்த நாட்டில் கிழவனாகிப்போன ஒரு தகப்பனின் கதை என்று கேள்விப்பட்டிருந்தேன். யூலியா இவருடைய பழைய படம் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நேரே மூலை மேசைக்கு வந்தார். நான் கோப்பைகளைத் துடைத்தபடி நின்றேன்.

"தகப்பன் வேடத்தை நீங்கள் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்" என்றார் யூலியா. "இரண்டாம் பாதியில் அவர் தனியாக நின்று பேசும் ஒரு பெரிய வசனம் இருக்கிறது. அதை வாசிக்கும்போது உங்கள் முகம்தான் தெரிகிறது." ஹூஷங் அண்ணை எழுந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்தார். முகம் விளக்குப்போட்ட மாதிரி இருந்தது. திருத்தமான, பிசிறில்லாத ஜேர்மனில் சொன்னார்: "இல்லை, இல்லை. நான் கிழவன். இந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன் இல்லை. என்னைவிட நல்ல நடிகர்கள் உங்களிடம் இருக்கிறார்கள்." யூலியாவின் முகம் வாடியது. "நிச்சயமாகவா?" என்றார். இவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, "நிச்சயமாக" என்றார். "ஷாட" என்றார் யூலியா. என்ன கவலை என்று அர்த்தம். "ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறேன்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். முழுவதும் ஒரு நிமிடம்கூட இருக்காது.

நான் துணியை எறிந்துவிட்டு மேசைக்கு ஓடினேன். "அண்ணை, பின்னால போங்கோ. ஓம் எண்டு சொல்லுங்கோ. அவை ரெண்டாந்தரம் கேக்கமாட்டினம்."

அவர் சந்தோஷத்தில் மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீர் பேசாமல் இரும், சிவா ஜான். என்ன அழகாக் கேட்டா பாத்தீரே? ஒருக்காக் கேட்ட உடனே வாயைத் திறக்க நான் என்ன பசியில கிடக்கிறவனே? வேணுமெண்டு கேக்கிறவ திரும்பிக் கேப்பா. நாளைக்கு வருவா."

பசியில்தான் கிடந்தார். முப்பது வருடப் பசி. ஆனால் அதைக் காட்டிக்கொண்டு வாங்குகிற வேடம் அவருக்கு வேடமில்லை. அது எனக்கு விளங்கியது, அதனால்தான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவும் என்னால் முடியவில்லை. அடுத்த நாள் முடி வெட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். யூலியா வரவில்லை. வேறு நகரத்தில் ஏதோ வேலையாம். இவர் தினமும் கழுத்துப்பட்டியோடு வந்து வாசலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். யூலியா திரும்பிக் கேட்கும்போது சொல்லப்போகும் இரண்டாவது மறுப்பைக்கூட எனக்குச் சொல்லிக்காட்டினார். முந்தியதைவிட மெதுவானது, கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது. மூன்றாவதில் சம்மதம். மூன்றையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். யூலியா திரும்பி வந்த அன்று நானே அவரிடம் போய், ஹூஷங் அண்ணை வேண்டாமென்று சொன்னதன் அர்த்தம் வேண்டாமென்று அல்ல என்று என் உடைந்த ஜேர்மனில் விளக்கினேன். அந்தப் பெண் உண்மையாகவே கலங்கிப்போனார். வேடத்தை மார்ட்டின் என்ற நடிகருக்குக் கொடுத்து ஒப்பந்தமும் முடிந்துவிட்டதாம். பிறகு என்னிடம் கேட்டார்: "அவர் சொன்னதை நான் நம்பியிருக்கக்கூடாதா? வயதான ஒருவர் வேண்டாமென்று சொன்ன பிறகும் வற்புறுத்துவது சரியா?" யூலியா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

ஹூஷங் அண்ணையிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப அவவுக்கு உண்மையா நான் தேவைப்படேல்லை" என்றார். இல்லை அண்ணை, அப்படியில்லை என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. இரண்டாம் முறை கேட்காத ஆசை அவருடைய கணக்கில் ஆசையே இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு யூலியா மறுபடியும் மூலை மேசைக்கு வந்தார், இம்முறை சமாதானம் செய்வதற்கு. மார்ட்டினுக்குப் பாரசீக உச்சரிப்பும் உடல்மொழியும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். இவர் எழுந்தார், கை நெஞ்சுக்குப் போனது, பழக்கதோஷத்தில் "இல்லை, இல்லை" என்று வந்துவிட்டது. யூலியா "விளங்குகிறது, மன்னியுங்கள்" என்று உடனே திரும்பிவிட்டார். கதவு மூடியது. அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மனுஷன் நாற்காலியைத் தட்டி விழுத்திக்கொண்டு ஓடினார். மேல்சட்டை இல்லாமல், பனியில், ட்ராம் நிறுத்தம் வரைக்கும் ஓடி, "யா! யா! செய்கிறேன்! யா!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கன்ரீன் யன்னலருகே நின்றுகொண்டு நான் அழுதேன். தன் வேடத்துக்காக ஓடாதவர், அந்த வேடத்தை வேறொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஓடினார்.

பாடம் கன்ரீனில்தான் நடக்கும். மார்ட்டின் நல்ல பொடியன் என்று சொல்வேன், ஐம்பது வயதாகியும். பணிவாகக் கேட்டுக்கொள்வார், கைப்பேசியில் பதிவு செய்வார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வசனத்தை ஹூஷங் அண்ணை வாசித்துக்காட்டினால் அதில் பாரசீகமே இல்லை. சுத்தமான ஜேர்மன். "இன்னும் கொஞ்சம் அந்நியமாக இருக்கலாமா?" என்று யூலியா தயங்கித் தயங்கிக் கேட்டார். முப்பது வருடம் பென்சில் கடித்து உரித்தெடுத்த பழைய உச்சரிப்பை ஹூஷங் அண்ணை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பவும் போர்த்திக்கொண்டார். ஷோனெஃபெல்டில் இறங்கிய அன்று பேசியதைப்போல் பேசினார். மார்ட்டின் "அற்புதம்" என்று எழுதிக்கொண்டார். தேநீர் கொண்டுபோய் வைத்த நான் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

முதல் காட்சிக்கு ஹூஷங் அண்ணை என்னையும் சாந்தியையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல இடம், நடு வரிசை. இரண்டாம் பாதியில் அந்த ஒரு பக்கம் வந்தது. மார்ட்டின் தனியாக நின்று பேசினார். எனக்குப் பக்கத்தில் ஹூஷங் அண்ணையின் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன, சத்தமில்லாமல், மேடையைவிட ஓர் இமைப்பொழுது முன்னதாக. சுற்றியிருந்தவர்கள் மூக்கைத் துடைத்தார்கள். முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று தட்டியது. மார்ட்டின் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார், சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு எல்லாரும் உட்கார்ந்தும் கைதட்டல் ஓயவில்லை. அப்போது ஹூஷங் அண்ணை எழுந்தார். கையை நெஞ்சில் வைத்து, இருட்டில், முன்வரிசைக்காரரின் முதுகைப் பார்த்துக் குனிந்தார். நிமிர்ந்து மறுபடி குனிந்தார். பின்னாலிருந்த ஓர் அம்மா தோளில் மெல்லத் தட்டி, "தயவுசெய்து உட்காருகிறீர்களா? மேடை தெரியவில்லை" என்றார். "என்ட்ஷூல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சாந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரைக்கும் விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் கன்ரீனுக்கு வருவதில்லை. தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டாலும் போவதில்லை என்று நினைக்கிறேன். கூப்பிடுகிறார்களா என்று நான் கேட்டதுமில்லை. கோடையில் ஒருநாள் ஊன்ட்றொப் என்ற ஊரில் நம் ஆட்கள் கட்டிய அம்மன் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காவடி ஆடியவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவை பாக்கிற ஆக்களுக்கு ஆடேல்லை, அதிர்ஷ்டசாலியள்" என்றார். நான் இப்போதும் தமிழ் வீடுகளில் முதலில் 'வேண்டாம்' என்றுதான் சொல்கிறேன், கன்ரீனில் கேட்ட உடனே 'யா' என்கிறேன். வாசலைத் தாண்டும்போது வாயை மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டது. சில நேரம் மாறிப்போகிறது. போன மாதம் ஒரு தமிழ் வீட்டில் கேட்டதும் 'ஓம்' என்றுவிட்டேன். வீட்டுக்காரி ஒரு கணம் திகைத்து நின்றதைக் கவனித்தேன். இரண்டு வாய் இருப்பது வசதி என்று ஒரு காலத்தில் நினைத்தவன் நான். இப்போது எது என்னுடையது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹூஷங் அண்ணை இன்னும் வருகிறார். முதல் காட்சி முடிந்து வந்த முதல் ஞாயிறு, சாந்தி வழக்கம்போலக் கதவோரம் நின்று, "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டாள். அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை. "யா, கேர்ன்" என்றார். ஆம், விருப்பத்தோடு. தெளிவாக, உடனே, பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பிப்பதுபோல. சாந்தி குசினிக்குள் வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். "என்னப்பா, அவர் உடனே ஓம் எண்டிட்டார்" என்றாள்.

அவள் இன்னும் விடுவதாக இல்லை. நேற்றும் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் ஓம் என்ற பிறகும், "குடிக்கிறியளோ, அண்ணை?" என்று இரண்டாம் தரம் கேட்டாள். பிறகு, பொய்க்கோபம் காட்டி, மூன்றாம் தரமும் கேட்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பழைய ஆட்டம் அவருக்கு ஞாபகம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் கோப்பையை அவர் ஏற்கெனவே இரண்டு கைகளாலும் நீட்டிப் பிடித்திருந்தார்.